நயினாதீவில் பௌத்த ஆசி, யாழ்ப்பாணத்தில் நகர உலா: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து புறப்படுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி முதல் தனுஷ்கோடி வரை, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி எனப் பல ஊர்களிலிருந்தும் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நான்கு நாள் விடுப்பு, கையில் பாஸ்போர்ட், உடன் வயதான ஒரு பெரியவர், பள்ளி செல்லும் ஒரு பிள்ளை என்று புறப்படும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

பௌத்த ஆசி பெறுவதற்குக் கயாவும் சாரநாத்தும் இருக்க, நயினாதீவை ஏன் சொல்கிறீர்கள்?

கயாவுக்கும் சாரநாத்துக்கும் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இராமேசுவரத்திலிருந்து இரயில் ஏறினால் போகவர மட்டுமே நான்கைந்து நாள் ஆகிவிடும். யாழ்ப்பாணத்தை ஒட்டிய சிறு தீவான நயினாதீவோ நமது கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கச்சத்தீவைத் தாண்டினால் நெடுந்தீவு, நெடுந்தீவைத் தாண்டினால் நயினாதீவு. இலங்கைப் பௌத்தர்கள் இதனை நாகதீபம் என்கிறார்கள். புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் இங்கு வந்தார் என்றும், மணிகள் பதித்த ஓர் இருக்கைக்காகப் போரிடத் துணிந்த மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்களைச் சமாதானப்படுத்தினார் என்றும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. மாமனும் மருமகனுமான அவ்விருவரின் சண்டை, சொத்துத் தகராற்றைப் பார்த்துப் பழகிய நமக்குப் புரியாத கதையன்று.

அதே கதை தமிழில் மணிமேகலைக் காப்பியத்திலும் உண்டு. கடல் தெய்வமான மணிமேகலா, மணிமேகலையைப் புகாரிலிருந்து தூக்கிவந்து வைத்த மணிபல்லவத் தீவில், இரு நாக அரசர்களின் பூசலைத் தீர்த்து புத்தர் அமர்ந்த பீடிகை இருந்தது; அதைக் கண்டு அவள் தன் முற்பிறப்பை உணர்ந்தாள்; கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வந்தது. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர், மறுப்போரும் உண்டு. எப்படியாயினும், பௌத்தத்தைப் பற்றித் தமிழில் எழுந்த பெருங்காப்பியம் இந்தக் கடலைத்தான் தன் களமாகக் கொண்டது. எனவே, நயினாதீவுக்குப் போவதை அயல் மதம் ஒன்றைப் பார்க்கப் போவதாக எண்ணத் தேவையில்லை. நம் கரை மறந்துபோன ஒரு பழைய உறவைப் போய்ப் பார்ப்பதாகவே எண்ணலாம்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போவதுபோல இராமேசுவரத்திலிருந்தே படகில் போக முடியாதா?

முடியாது. கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் போகிறோம் என்றால், அது 1974 ஒப்பந்தம் அந்தத் தீவுக்கு மட்டும் அளித்த சலுகை. அரசிடம் பெயர் பதிந்து, குறித்த படகில் போய், அதே படகில் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஒரு முழம்கூட அப்பால் போக அனுமதியில்லை. தெரிந்தவர் விசைப்படகு வைத்திருக்கிறார், இரவோடு இரவாகக் கொண்டுபோய் விடுவார் என்று எவரேனும் சொன்னால், அந்தப் பேச்சுக்கே இடம் கொடாதீர்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பிடிபட்டவர்களின் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இதெல்லாம் எளிதாக இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் இரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் இரயிலில் கொழும்பு சேர்ந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது நின்றுபோயிற்று. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஊருக்கு இன்று சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எந்த வழியில் போவது?

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். இராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி எனப் போனால் நாகப்பட்டினம் வந்துவிடும். கப்பல் காலையில் புறப்படுவதால் முதல் நாள் மாலையிலேயே நாகையில் போய்த் தங்குவதே நலம். விடியற்காலைப் பேருந்தை நம்பி எவரும் போக வேண்டாம்.

இரண்டாவது விமானம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு 2025 மார்ச் இறுதியில் நேரடிச் சேவை தொடங்கியது. சென்னையிலிருந்தும் சேவை உண்டு. இராமநாதபுரத்தில் இரயில் ஏறி மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகலாம். பறக்கும் நேரம் ஒரு மணி அளவுதான்.

கப்பலில் போகும் நாள்களும் விமான நேரங்களும் பருவத்துக்கேற்ப மாறுபவை. ஆகையால் விடுப்புக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன்பே பயணச்சீட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். எங்களைக் கேட்டால், உடல்நலம் இடங்கொடுப்பவர்கள் போகும்போது கப்பலிலும், வரும்போது விமானத்திலும் வருவது நல்லது என்போம். மணிமேகலை கடந்த கடலை ஒருமுறையாவது நீர் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும்.

எந்த மாதம் ஏற்றது?

வாடைக்காற்று ஓய்ந்த தை மாதத்திலிருந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் கொந்தளிக்கும், கப்பலும் நிறுத்தப்படும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கப்பல் ஓடினாலும் குமட்டலுக்குத் தயாராக இருக்க வேண்டும். நம் ஊர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். அவர் சொல்லும் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

பௌர்ணமி நாளில் போவது நல்லதா?

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்ற பெயரில் அரசு விடுமுறை. அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை திறக்கப்படுவதில்லை. தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளுடையில் வந்து நயினாதீவில் இறங்குவார்கள். வைகாசிப் பௌர்ணமியான வெசாக் புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றுக்கும் உரிய நாள். அமுதசுரபி கோமுகியில் தோன்றுவதாகக் காப்பியம் சொல்லும் நாளும் அதுவே. கூட்டத்தின் பக்தியைக் காண விரும்புபவர்கள் அந்நாளில் போகலாம். பிக்குவின் அருகில் அமைதியாகச் சிறிது நேரம் அமர்ந்து ஆசி பெற விரும்புவோர், போயாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்போ பின்போ, வார நாளாகப் பார்த்துப் போவதே சரி. முதியவர்களுடன் போகிறவர்களுக்கு இரண்டாவதையே வலியுறுத்துகிறோம். படகில் ஏறவே வரிசை நீளும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து நயினாதீவுக்கு எப்படிச் செல்வது?

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறை வரை சாலை போகிறது. நகரப் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. ஆட்டோவையோ வேனையோ அமர்த்திக்கொள்வாரும் உண்டு. தீவுகளை இணைக்கும் சாலையில் இருபுறமும் ஆழமற்ற கடல் கண்ணாடிபோல விரிந்து கிடக்கும்; மண்டபத்திலிருந்து பாம்பன் சாலைப்பாலத்தில் போனவர்களுக்கே இந்தக் காட்சி புதிதாக இருக்கும், ஏனெனில் இங்கு நீரும் சாலையும் ஏறத்தாழ ஒரே மட்டம்.

குறிகட்டுவானிலிருந்து படகில் இருபது நிமிட அளவு. படகின் விளிம்பில் கால் வைத்து, குனிந்து உள்ளே இறங்கி, பலகை இருக்கையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். டீசல் நெடி இருக்கும். எதிரே அமர்ந்திருக்கும் சிங்கள அம்மாள் நெகிழித்தாள் போர்த்திய பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நீர் தெறிக்காமல் இரு கையாலும் மூடிக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் அம்மன் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கும். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் வாங்கி அணியுங்கள். நமக்குக் கடல் தெரியும் என்று மறுக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற இறங்கக் கட்டாயம் ஒருவர் துணை வேண்டும்.

தீவில் என்னென்ன பார்க்கலாம்?

நாகதீப விகாரையும் நாகபூசணி அம்மன் கோயிலும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடலோரமாகப் பத்து நிமிட நடை. விகாரையில் வெள்ளி நிறம் பூசிய தாதுகோபம் (புத்த தூபி), புத்தர் சிலை உள்ள மண்டபம், வெள்ளரசு எனப்படும் போதி மரம் ஆகிய மூன்றையும் வணங்குவது வழக்கம். அம்மன் கோயில் சக்தி பீடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. ஆனி மாதத்தில் பெருந்திருவிழா நடைபெறும்.

அவசரத்தில் பலரும் தவறவிடுவது அம்மன் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது, எழுதியிருப்பதோ தமிழில். பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அது விதிக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

இந்த மன்னன் நமக்கு வேற்றாள் அல்லன். பாண்டிய நாட்டு வாரிசுப் போரில் தலையிட்டு, இலங்காபுரன் என்ற தளபதியை அனுப்பி இராமேசுவரத்தைப் பிடித்தவன் இவனே. பாம்பனை அடுத்த குந்துகாலில் அவனது படை கோட்டை கட்டி, பராக்கிரமபுரம் என்று பெயரிட்டதாக, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. 1897 சனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கியதாக நாம் நினைவு மண்டபம் எழுப்பியிருக்கும் அதே குந்துகால்தான். இந்தக் கரையில் படை இறக்கியவன், அந்தக் கரையில் வணிகருக்குத் தமிழில் சட்டம் எழுதினான் என்பதை நின்று யோசித்தால், பாக்கு நீரிணை எவ்வளவு குறுகலானது என்று புரியும்.

தீவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அம்மன் கோயிலை ஒட்டி அன்னதான மண்டபம் இருக்கிறது, பெயர் அமுதசுரபி. மதியம் அங்கே சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

பௌத்த ஆசி என்றால் என்ன நடக்கும்? அர்ச்சனைபோல் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எதுவும் கேட்க மாட்டார்கள். விகாரையில் பூசாரி என்று ஒருவர் நடுவில் இல்லை. பூவை நீங்களே எடுத்துச்சென்று பீடத்தின்மேல் பரப்பி வைக்கலாம். தாமரை, நீல ஆம்பல், வெள்ளை அலரி ஆகியவற்றை விரும்பி வைப்பார்கள். படைக்கும் முன் பூவை மோந்து பார்க்கக்கூடாது என்ற நம் வழக்கம் அங்கும் உண்டு. தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். வெள்ளரசின் வேருக்கு நீர் வார்க்கலாம். தேங்காய் உடைப்பது, கற்பூரம் காட்டுவது, விபூதி கேட்பது இங்கு வழக்கமில்லை.

ஆசி என்று நாம் சொல்வது பிரித் ஓதுதலை. பிரித் என்பது காப்புரை. புத்தரின் போதனைகளிலிருந்து மங்கள சூத்திரம், இரத்தின சூத்திரம், மெத்தா சூத்திரம் முதலியவற்றைப் பிக்கு பாளி மொழியில் ஓதுவார். முதலில் நமோ தஸ்ஸ என்று தொடங்கும் வணக்கமும், புத்தம் சரணம் கச்சாமி எனத் தொடங்கும் மும்மணிச் சரணமும், ஐந்து ஒழுக்கங்களும் சொல்லப்படும். தெரிந்தவர் கூடச் சொல்லலாம், தெரியாதவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு வெள்ளை நூலை மணிக்கட்டில் கட்டி, ஓதிய நீரைத் தெளிப்பார் அல்லது பருகத் தருவார்.

இங்கே ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாணம் கூடவேண்டும், வழக்கு ஜெயிக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு போவதைத் தடுக்க முடியாது. அங்கு வரும் சிங்கள மக்களும் அப்படி வேண்டிக்கொள்கிறார்கள். ஆனால் இத்தனை ரூபாய்க்கு இந்தப் பரிகாரம் என்ற பேரத்தோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். மெத்தா சூத்திரத்தின் பொருள், எல்லா உயிரும் இன்புற்றிருக்க வேண்டும் என்பது. ஆசி பெறுபவர் தனக்கென்று ஒன்றைப் பெற்றுக்கொள்வதைவிட, அந்த எண்ணத்தில் சில நிமிடம் அமர்ந்திருப்பதே அங்கு நடப்பது. பயணத் தரகர் எவரேனும் சிறப்பு ஆசிக்குத் தனிக்கட்டணம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். காணிக்கை கொடுக்க விரும்பினால் உண்டியலில் போடலாம்.

கட்டிய நூலை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

கணக்கு ஒன்றும் இல்லை. தானாக அறுந்து விழும்வரை விட்டுவைப்பார் பலர். கழற்ற நேர்ந்தால் காலில் மிதிபடாத இடத்தில், மரக்கிளையில் கட்டிவிடலாம். கோயில் காப்புக் கயிற்றுக்கு என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்.

பிக்குகளுக்கு என்ன கொண்டுபோகலாம்?

உணவு கொடுக்க நினைத்தால் முற்பகலிலேயே கொடுக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் அவர்கள் திட உணவு உண்பதில்லை. சோப்பு, பற்பசை, துண்டு, மருந்து, எழுதுபொருள் போன்றவற்றை ஒரு பொதியாக்கிக் கொடுப்பது எளிது. இரு கையாலும் நீட்டிக் கொடுத்து, குனிந்து வணங்குங்கள். பிக்குவை விட உயரமான இருக்கையில் அமராதீர்கள். பெண்கள் தொட்டுப் பேசுவதையும் கைகுலுக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

உடை, புகைப்படம் இவற்றில் கட்டுப்பாடு உண்டா?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. வேட்டி சட்டையும் சேலையும் முற்றிலும் பொருந்தும். செருப்பு, தொப்பி, குடை மூன்றும் வெளியே. வெயிலில் தளக்கல் சுடும் என்பதால் தடித்த காலுறை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்தில் மிகுந்த கவனம் தேவை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது இலங்கையில் வெறும் மரியாதைக் குறைவாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. அதற்காகப் பயணிகள்மேல் காவல்துறை நடவடிக்கை எடுத்ததுண்டு. புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தாலும், புத்தர் படம் போட்ட சட்டை அணிந்திருந்தாலும் சிக்கல் வரும். பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே இதைச் சொல்லி வையுங்கள். அம்மன் கோயிலிலும் நல்லூரிலும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

நாங்கள் சைவர்கள், பக்கத்து வீட்டார் முஸ்லிம்கள், சேர்ந்து போக நினைக்கிறோம். தடை உண்டா?

எவருக்கும் தடையில்லை. வணங்க விரும்பாதவர் ஓரமாக அமைதியாக நின்று பார்க்கலாம். யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருப் பகுதியில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவும் உண்டு. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டியிருக்காது.

யாழ்ப்பாணத்தில் பௌத்தம் அரசியலாகப் பார்க்கப்படுகிறதே? நாம் விகாரைக்குப் போவது அங்குள்ள தமிழரைப் புண்படுத்தாதா?

நியாயமான கேள்வி. போருக்குப் பின் வடக்கில் புதிய விகாரைகள் எழுந்ததும், தையிட்டியில் தங்கள் காணியில் அனுமதியின்றி விகாரை கட்டப்பட்டதாக உரிமையாளர்கள் போராடி வருவதும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல. அதே வேளையில், பௌத்தம் தமிழருக்கு அந்நியமானது என்பதும் உண்மையன்று. சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில் பவளக்கல்லால் ஆன சிறுசிறு தாதுகோபங்கள் ஒரே தோட்டத்தில் கொத்தாக நிற்கின்றன. பனைமரங்களுக்கு நடுவே, சில ஆளுயரம்கூட இல்லாதவை. அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், உருள்சக்கரத்தால் கோலம் பதித்த ரூலட் ஓடுகளும், நம் வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் கிடைத்தவற்றின் உறவினங்கள். இரண்டையும் ஒரே வணிகக் கடல் இணைத்தது. அந்தத் தாதுகோபங்களைத் தமிழ்ப் பௌத்தரின் எச்சம் என்று ஒரு சாராரும், சிங்களக் குடியேற்றத்தின் சான்று என்று மறுசாராரும் உரிமை கொண்டாடுவதைப் பார்த்தால், கற்களுக்கே அலுப்புத் தட்டியிருக்கும் என்று தோன்றும்.

எங்கள் ஆலோசனை இதுதான்: நயினாதீவு, கந்தரோடை, அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கியதாகச் சொல்லப்படும் மாதகல் சம்பில்துறை போன்ற, பழைய வரலாறு உள்ள இடங்களுக்குப் போங்கள். சர்ச்சையில் இருக்கும் புதிய இடங்களை விட்டுவிடுங்கள். விடுதிக்காரரிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ போரைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகக் கதைக்கத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். இழப்பு இல்லாத வீடு அங்கு அரிது.

நகரில் ஒரு நாள்தான் உண்டு. எதைப் பார்ப்பது?

கோட்டையை முதலில் பாருங்கள், அதுவும் காலை வெயில் ஏறுவதற்குள். 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் தொடங்கியது. 1658-இல் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஐங்கோண வடிவில் பெருக்கிக் கட்டினர். 1795-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடைசி உள்நாட்டுப் போரில் உள்ளேயிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் தரைமட்டமானது. மதிற்சுவருக்கு மிக அருகில் போய்க் கல்லைப் பாருங்கள். பவளக்கல். தேன்கூட்டைப்போல நுண்துளைகளும், மூளை மடிப்பைப்போல நெளிகோடுகளும், சில கற்களில் விரல் விரலாகக் கிளைத்த பவளத்தின் உருவமும் அப்படியே தெரியும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது கைக்குப் பழகிய கல். மதில்மேல் ஏறினால் பண்ணைக் கடலும் தீவுகளுக்குப் போகும் சாலையும் தெரியும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பொது நூலகம். 1981 மே 31 இரவில் தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின; மீளக் கட்டி 2003-இல் திறந்தனர். பார்வையாளர்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் உள்ளே விடுவார்கள். படிப்பவர்கள் இருக்கும் இடம் என்பதால் குரலைத் தாழ்த்துங்கள்.

மாலைப் பூசைக்கு நல்லூர் கந்தசுவாமி கோயில். பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துகீசியர் 1620-களில் இடித்தனர். இன்றுள்ளது பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த கோயிலின் தொடர்ச்சி. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பது ஊரறிந்த செய்தி. பூசைகள் நொடி பிசகாமல் நேரத்துக்கு நடக்கும். அருகிலேயே சங்கிலியன் தோப்பு வளைவும், மந்திரிமனையும், யமுனா ஏரியும் உள்ளன. இராமநாதபுரத்திலிருந்து போகிறவர் ஒன்றை அறிந்துகொண்டு போனால் இந்த இடம் வேறு விதமாகத் தெரியும்: யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் சேதுகாவலர் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள், அவர்கள் அடித்த காசுகளில் நந்தி உருவத்தின் கீழ் ‘சேது’ என்று தமிழில் பொறித்திருக்கிறது. நம் ஊர் அரசர்கள் சேதுபதிகள். ஒரே சேதுவுக்கு இரு கரையிலும் காவலர்கள் இருந்திருக்கிறார்கள். புறப்படும் முன் இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அழைத்துப் போனால், நல்லூரில் அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

ஆவணித் திருவிழாக் காலத்தில் இருபத்தைந்து நாளும் நகரில் அறை கிடைப்பது அரிது. தேர் பார்க்கும் நோக்கம் இல்லையென்றால் அந்த நாள்களைத் தவிருங்கள்.

அப்படியே அனுராதபுரமும் கண்டியும் பார்த்துவிடலாமா?

நான்கு நாளில் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கண்டி 300-க்கும் மேல். அனுராதபுரத்து மகாபோதி மரத்தையும், புத்தரின் புனிதப் பல் உள்ள கண்டித் தலதா மாளிகையையும் வேனின் சன்னல் வழியாகப் பார்த்ததுபோல் முடித்துவிட்டு, நயினாதீவில் அரைமணி நேரம் நின்று திரும்பும் திட்டங்களைப் பயண நிறுவனங்கள் மலிவாகத் தருகின்றன. அதில் பாதி நேரம் சாலையிலும் மீதி நேரம் சாப்பாட்டுக் கடையிலும் கழியும். வந்திறங்கும் நாள் பிற்பகலில் சம்பில்துறையும் கந்தரோடையும், மறுநாள் முழுவதும் நயினாதீவு, மூன்றாம் நாள் நகரம், நான்காம் நாள் திரும்புதல் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் மூச்சு வாங்காது. அனுராதபுரத்துக்கு இன்னொரு முறை போங்கள்.

கப்பலுக்கு முதல்நாள் நாகப்பட்டினத்தில் பார்க்க ஏதேனும் உண்டா?

பௌத்தத்தைத் தேடிப் போகிறவருக்கு நாகப்பட்டினமே முதல் நிறுத்தம். ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இங்கே எழுப்பிய விகாரைக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான கொடையாக விட்டான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட சோழன் செய்தது இது. அங்கு நின்ற செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை கப்பல்களுக்கு அடையாளமாக இருந்து, பின் இடிக்கப்பட்டது. மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேல். அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். நாகையில் இன்று நின்று பார்க்க விகாரை இல்லை. கடற்கரையில் சிறிது நேரம் நடந்துவிட்டு, நேரத்தோடு உறங்கச் செல்லுங்கள்.

பாஸ்போர்ட், விசா, பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் முன்கூட்டியே பெறுங்கள். அதேபோன்ற தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. கட்டண விதி அடிக்கடி மாறுவதால் போன ஆண்டு போய்வந்தவர் சொன்னதை நம்ப வேண்டாம். பணத்தை வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றகத்திலோ மாற்றுங்கள். தீவில் சில்லறை நோட்டுகள் தேவைப்படும்.

திரும்பும்போது என்ன வாங்கிவரலாம்? வெள்ளரசுக் கன்று கொண்டுவர முடியுமா?

பனாட்டு, ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு), நல்லெண்ணெய், மிளகாய்த்தூள் என்று வாங்குவார்கள். நம் ஊரிலும் பனை உண்டு, கருப்பட்டியும் கிழங்கும் உண்டு. ஆனால் பழச்சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைக்கும் பனாட்டு இங்கே அருகிவிட்டது, ஆகவே அதை வாங்குங்கள். வெள்ளரசுக் கன்றையோ விதையையோ மண்ணோடு கொண்டுவர முயலாதீர்கள். தாவர நோய்த்தடுப்பு விதிப்படி உரிய சான்றில்லாமல் அனுமதிக்க மாட்டார்கள், பறித்து அழித்துவிடுவார்கள். சங்கு, பவளத் துண்டு எதையும் கரையில் பொறுக்கிப் பையில் போட வேண்டாம்.

மற்றொன்று. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ, ஊர்க்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சிறு பொதி ஒன்றை நீட்டி, இராமநாதபுரத்தில் தம்பி வந்து வாங்கிக்கொள்வான் என்று கேட்கலாம். தங்கமும் பிறவும் இந்தக் கடலைக் கடக்கும் விதத்தை நாம் செய்தித்தாளில் படிக்காத வாரமில்லை. அவர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், உங்கள் தமிழே பேசினாலும், வாங்காதீர்கள். அருகில் நிற்கும் சுங்க அலுவலரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.